கூடம் கோணல்தான்

நாத்தனார் என்றால் அண்ணியிடம் குற்றம் கண்டுபிடிப்பவள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது உத்தியோகமாகவே அமைந்துவிட்டது. என் அண்ணி பாலே ஆடுகிறாள். அதே குழுவில் விளக்கையும் வீடியோவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அரங்கின் கடைசி வரிசைக்கு மேலே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, அவள் ஒளியை விட்டு ஒரு சாண் விலகினாலும் மைக்கில் சொல்லிவிடுவேன். குழுவில் என்னைப் பல்பு என்று கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வீடு, வேலை இரண்டிலும் நானும் அண்ணியும் மாறி மாறி மோதுவதைப் பார்த்து, "ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவன்கூட என்னைவிட நிம்மதியா இருப்பான்" என்று அலுத்துக்கொள்வான்.

இந்தத் தடவை நாங்கள் போட்ட நாடகத்தில் ஆடுபவள் ஒருத்திதான். கூட ஆடுவது அவளுடைய நிழல். விளக்கால் விழும் நிழல் இல்லை, வீடியோ. போன வருஷம் நான்கு நாள் ஒரு வெள்ளை அறையில் அண்ணியைத் தனியாக ஆடவிட்டுப் படம் எடுத்தோம். அதைக் கறுப்பு உருவமாக மாற்றி, மெல்லிய திரையின் பின்னாலிருந்து புரொஜெக்டரால் காட்டுவோம். திரைக்கு முன்னால் அண்ணி ஆடுவாள். தொடக்கத்தில் நிழல் அவளோடு ஒட்டியே வரும், பிறகு கொஞ்சம் பிந்தும், பிறகு முந்தும். கடைசியில் பதினோரு தாவல். பதினொன்றிலும் உடம்பும் நிழலும் ஒரே நொடியில் ஒரே மாதிரி தரையில் இறங்க வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம்.

அண்ணிக்கு முப்பத்தொன்பது வயது. இடது முட்டியில் இரண்டு வருஷத்துக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து அந்த முட்டியில் தடித்த உறை ஒன்று மாட்டிக்கொண்டுதான் ஆடுவாள். இந்த வயதில் ஒரு பாலேக்காரிக்காக யாரும் புதிதாக ஒரு நாடகம் செய்வதில்லை. மாஸ்டர் செய்தார். அவர் லேசில் யாரையும் புகழமாட்டார். அவர் வாயிலிருந்து "பரவாயில்ல" என்று வந்தால் நாங்கள் அன்றைக்குத் தேதி குறித்து வைத்துக்கொள்வோம். வெள்ளை அறையில் எடுத்த வீடியோவைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னார்.

அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒத்திகை தொடங்கியது. திரையில் நிழலை ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து மாஸ்டர் அண்ணியின் ஆட்டத்தைக் கட்டினார். இரண்டாம் நாளே அண்ணி நின்றுவிட்டாள்.

"உடம்புக்கு இது பிடிபடல மாஸ்டர். நான் ஆடினதுதான், ஆனா என்னுது மாதிரி இல்ல."

"போன வருஷம் ஆடினதும்மா. மறந்திருக்கும்" என்றார் மாஸ்டர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் நாக்கில் சனி ஆயிற்றே. மைக்கைத் திறந்து, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். ஹாலே சிரித்தது. அண்ணியும் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போகும் வழியிலும் நான் விடவில்லை. "வயசாகுது அண்ணி, ஒத்துக்குங்க" என்றேன். அவள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது வாரச் செவ்வாய்க்கிழமை முட்டி வீங்கிவிட்டது. ஏழாவது தாவலில் இறங்கியவள் எழுந்திருக்கவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை அரங்கேற்றம். மாஸ்டர் கீழே குனிந்து முட்டியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"சின்ன வாத்து ஆடட்டும்" என்றார்.

பாலே ஆடுபவர்கள் எல்லோரும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வாத்து மாதிரிதான் நடப்பார்கள். குழுவிலேயே இளையவள் என்பதால் இவளுக்குச் சின்ன வாத்து என்று பெயர். இருபத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் புத்தம்புதுசு. மாற்று ஆளாக மூன்று வாரமும் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க மாஸ்டர்" என்றாள் அண்ணி.

"வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு முழு ஓட்டம். பதினொண்ணும் சுத்தமா இறங்கினா நீ. ஒண்ணு தவறினாலும் அவ."

"சரி."

வீட்டில் அண்ணன் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, "போதும்னு விட்டுடேன்" என்றான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை. "விட்டா, திரையில என் நிழல் ஆடும். அதுக்கு முன்னாடி இன்னொருத்தி நிப்பா. அதை நான் கீழ உக்காந்து பாக்கணும். உன்னால முடியுமா?" என்று கேட்டாள். அவன் ஐஸை அவள் முட்டியில் வைத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் நான்காவது தாவலில் வீடியோவை நிறுத்தி வைத்து, பக்கவாட்டு விளக்கைச் சரி செய்துகொண்டிருந்தேன். திரையில் நிழல் ஒரு காலில் இறங்கி, மறு காலைப் பக்கவாட்டில் நீட்டி நின்றது. அண்ணி நொண்டிக்கொண்டே மேடைக்கு வந்தாள். யாரும் இல்லை என்ற நினைப்பில், நிழலின் பக்கத்தில் நின்று அதே நிலையை மெதுவாகச் செய்து பார்த்தாள், முட்டி எவ்வளவு தாங்கும் என்று.

உடம்பும் நிழலும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிலையில் நின்றன. நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் முட்டி உறை, ஊன்றி நின்ற காலில் இருந்தது. நிழலிலும் அந்த உறையின் புடைப்பு தெரிந்தது. ஆனால் அது ஊன்றிய காலில் இல்லை, நீட்டிய காலில் இருந்தது.

விளக்கை விட்டுவிட்டுப் புரொஜெக்டரின் அமைப்பைத் திறந்து பார்த்தேன்.

விஷயம் இதுதான். திரையின் பின்னாலிருந்து காட்டும்போது படம் இட வலமாக மாறித் தெரியும். அதனால் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். நான் அதை வீட்டில் கணினியிலேயே திருப்பிவிட்டேன். மறுநாள் ஹாலில், பழக்க தோஷத்தில், புரொஜெக்டரிலும் திருப்பிவிட்டேன். இரண்டு தடவை திருப்பினால் திருப்பாததற்குச் சமம். முகம் தெரியும் படமாக இருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். நிழலுக்கு முகம் ஏது, முதுகு ஏது? போதாததற்கு, இங்கே எல்லோரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவர்க் கண்ணாடியில் தங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். இடம் வலமாகத் தெரிவதுதான் அவர்கள் கண்ணுக்கு இயல்பு. மாஸ்டர் இடம் வலம் மாறிய அந்த நிழலைப் பார்த்து ஆட்டத்தைக் கட்டினார். வெள்ளை அறையில் அண்ணி பதினோரு தடவையும் நல்ல காலில்தான் இறங்கியிருக்கிறாள். மூன்று வாரமாக அவளை அறுத்த காலில் இறங்க வைத்தது நான்.

கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது. கோணலாக்கியவளே மைக்கில் பழமொழியும் சொல்லியிருக்கிறாள்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இதை நான் நினைக்கவில்லை என்றால் அது பொய். முட்டி பழைய முட்டி, வயது முப்பத்தொன்பது, ஊரே நம்பும். கால் மணி நேரம் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, மத்தளம் கொட்டியது. எழுந்து கீழே போனேன்.

உடை மாற்றும் அறையில் அண்ணி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். எங்கே திருப்பினேன், எப்போது திருப்பினேன், எல்லாம். முடித்ததும் அவள் தன் முட்டியைப் பார்த்தாள்.

"மூணு வாரம்" என்றாள்.

"ஆமா அண்ணி."

"ரெண்டாவது நாளே சொன்னேன். உடம்புக்குத் தெரிஞ்சுது. நீ சிரிச்ச. எல்லாரையும் சிரிக்க வச்ச. நானும் சரி, நம்ம உடம்புதான் பொய் சொல்லுதுன்னு நினைச்சேன். பல்பு, வலியைவிட அதுதான் எனக்கு..." முடிக்கவில்லை. ஐஸ் துணியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். ஐஸ் கட்டிகள் தரையெல்லாம் ஓடின. நான் பொறுக்கக் குனிந்தேன்.

"அதைத் தொடாத. மாஸ்டர்கிட்ட போ. நீயே சொல்லு. நான் கூட வர மாட்டேன்."

மாஸ்டர் தயிர் டப்பாவும் கரண்டியுமாகக் கேட்டார். கேட்டுவிட்டு மேடைக்கு வந்து, நான் திரையில் இரண்டு விதமாகவும் காட்டியதைப் பார்த்தார்.

"சரி, தப்புதான்" என்றார். "ஆனா நான் ஆட்டத்தைக் கட்டினது இந்தத் தப்பு மேலதான். இப்ப இதுதான் ஆட்டம். அதை மாத்த நாள் இல்ல."

"பக்கம் மட்டும்தான் மாறும் மாஸ்டர். கடிகாரத்தை அந்தக் கையிலேர்ந்து இந்தக் கைக்கு மாத்தினா மணி மாறுமா?"

"லைட்டு?"

"அறுபத்திரெண்டு இடத்துல மாறுது. நான் மாத்தறேன்."

"இடது பக்கம் ஏழு விளக்கு, வலது பக்கம் அஞ்சு. பொத்தானை அழுத்தினா மாறுமா?"

"ரெண்டைக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டணும். மாட்டறேன்."

"எல்லாம் சரி. உடம்பு? மூணு வாரமா ஒரு பக்கம் பழகின உடம்பை ஒண்ணரை நாள்ல திருப்ப முடியுமா?"

"இருபத்தேழு வருஷமா தினமும் காலைல வலது பக்கம் செஞ்சதை இடது பக்கமும் செய்யச் சொல்றீங்களே, அது எதுக்கு?" குரல் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. வரமாட்டேன் என்றவள் வந்து நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் கரண்டியை டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"வெள்ளிக்கிழமை பத்து மணி. அதுல மாத்தமில்ல. சனிக்கிழமை முடியட்டும், உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்று கடைசி வாக்கியத்தை என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

வியாழக்கிழமை முழுக்க நான் ஏணியில்தான் இருந்தேன். இரண்டு விளக்கைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டினேன், நிற்கும் இடத்தைக் காட்டும் தரை நாடாக்களை உரித்து மறுபக்கம் ஒட்டினேன், விளக்கு மாறும் அறுபத்திரண்டு இடங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் நிழல் இட வலமாகத் திரும்பும்படி வைத்துக்கொண்டேன்.

கீழே அண்ணி, ஒத்திகைக்காக மேடை முன் நிறுத்தியிருந்த கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டாள். கண்ணாடி இருந்தால் எது எந்தப் பக்கம் என்று குழம்பும். அதற்குப் பதிலாகச் சின்ன வாத்தைத் தன் முன்னால் நிறுத்தினாள். "நீ கத்துக்கிட்டதை அப்படியே ஆடு. நான் எதிர்ல நின்னு உன்னைப் பாத்தபடியே செய்யறேன். எனக்குப் பக்கம் தானா மாறிடும்."

சின்ன வாத்து தயங்கினாள். ஏணியில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் ஆசை இருக்கு. செவ்வாய்க்கிழமையே எங்க அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"ஆசை இருக்கணும். இல்லன்னா நீ எதுக்கு இங்க நிக்கற?" என்றாள் அண்ணி. "நான் நாளைக்குத் தவறினா நீதான். நான் தவற மாட்டேன். இப்ப ஆடறியா?"

சின்ன வாத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆடினாள். ஏனோதானோ என்றும் ஆடவில்லை, முழு மனதோடு ஆடினாள். அண்ணி எதிரே நின்று அவளைப் போலவே செய்தாள். முதல் ஆறு தடவை பாதியில் நின்றது. கை ஒரு பக்கம் போனால் கால் பழைய பக்கம் போயிற்று. ஒன்பதாவது தாவல்தான் வில்லங்கம். அதற்கு முன்னால் ஒரு முழுச் சுழற்சி வரும், சுற்றி முடிக்கும்போது உடம்பு தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். அங்கேயே திரும்பத் திரும்ப விழுந்தாள், திரும்பத் திரும்ப எழுந்தாள். ஒரு தடவை கூட ஏணிப் பக்கம் பார்க்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபத்திரண்டு நிமிஷத்தையும் ஒரு தவறும் இல்லாமல் ஒரு தடவை முடித்தாள். நான் ஏணியிலேயே அழுதேன். கையில் ஸ்பானர் இருந்ததால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாஸ்டர் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தார். விளக்கை இறக்கி நிழலை ஓடவிட்டேன். முதல் பதினைந்து நிமிஷம் நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. நிழல் பிந்தும் இடத்தில் பிந்தியது, முந்தும் இடத்தில் முந்தியது. அண்ணி அதைத் துரத்தவில்லை. மூன்று வாரமாக எனக்குப் புரியாமல் இருந்தது அன்றைக்குத்தான் புரிந்தது. அது அவளுடைய நிழல். அவளுக்கு அது சொல்லாமலே தெரிந்திருந்தது.

தாவல்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நல்ல காலில், பூனை இறங்குவது போல. ஏழு, எட்டு. சுழற்சி. சுற்றி முடியும்போதே தோளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், பழைய பக்கம் போகிறாள் என்று. ஒன்பதாவதில் இடது காலில் இறங்கினாள்.

நான் யோசிக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். அவள் தரையைத் தொட்ட அதே நொடியில் நிழல் பக்கம் மாறி அவளோடு இறங்கியது. பத்தாவதுக்கு எழும்பும்போது மறுபடி அழுத்தினேன். அண்ணி பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் வலது காலில் இறங்கி நின்றாள். மூச்சு வாங்குவது மேலேயிருந்தே எனக்குத் தெரிந்தது.

விளக்கை ஏற்றினேன். மாஸ்டர் எழுந்து என் கண்ணாடி அறையை அண்ணாந்து பார்த்தார்.

"ஒன்பதாவதுல என்ன நடந்தது?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. "நிழலைத் திருப்பினேன் மாஸ்டர்."

அவர் தாடியைத் தடவினார். "பரவாயில்ல" என்றார். நான் தேதியைப் பார்த்தேன். "நிழல் அவளைத் தேடிப் போய் இறங்குது. இது நல்லா இருக்கு. வச்சுக்கலாம். நீ ஆடறம்மா. எங்கயாவது தவறினா பல்பு பாத்துக்குவா."

"வேண்டாம்" என்றாள் அண்ணி.

முட்டியைப் பிடித்துக்கொண்டு நடு மேடையில் நின்றிருந்தாள். மாஸ்டர் மட்டுமல்ல, சின்ன வாத்தும் திரும்பிப் பார்த்தாள்.

"பதினொண்ணும் சுத்தமா இறங்கணும்னு சொன்னீங்க. நான் பத்துதான் இறங்கினேன். ஒண்ணை அவ மறைச்சா. மறுபடி ஓட்டுங்க."

"இந்த முட்டியோட இன்னொரு தடவையா?"

"முழுசா வேண்டாம். சுழற்சியிலேர்ந்து ஓட்டுங்க." பிறகு, புதன்கிழமையிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். "பல்பு, என் நிழலை நீ இனிமே தொடாத. நான் தவறினா தவறினதாவே தெரியட்டும். இதுல என்னை நம்பு, இல்ல எழுந்து வெளிய போ."

"நம்பறேன் அண்ணி."

"வாயால சொல்லாத. கையை எடு."

கையை எடுத்தேன். சுழற்சியிலிருந்து ஓட்டினேன். அவள் இறங்கினாள், ஒன்பது, பத்து, பதினொன்று. வலது, வலது, வலது. மாஸ்டர் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலருகே நின்று, "சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் வந்துடும்மா" என்று அண்ணியிடம் சொன்னார். சின்ன வாத்து அழுதுகொண்டே போய் அண்ணியின் தோளில் துண்டைப் போட்டாள்.

சனிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. அண்ணன் நான்காவது வரிசையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிழலைத் திருப்பும் பொத்தானின் கட்டளையை அழித்துவிடலாமா என்று மதியமே யோசித்தேன். அழித்துவிட்டால் அது நம்பிக்கை ஆகாது, பூட்டு. அதனால் அப்படியே விட்டுவைத்தேன்.

எட்டாவது தாவல் முடிந்தது. அவள் சுற்ற ஆரம்பித்தாள். தோள் பழைய பக்கம் சாய்வது போல இருந்தது. என் கை தானாக எழுந்தது. இந்தக் கைதான் முதலில் கெடுத்தது, இந்தக் கைதான் பிறகு காப்பாற்றியது. இரண்டுமே அவளைக் கேட்காமல் செய்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் என் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தேன். தவறினால் ஊரே பார்க்கட்டும், அது அவளுடைய உரிமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் வலது காலில் இறங்கினாள். நிழலும் அவளோடு இறங்கியது.

கைதட்டல் அடங்கிக் கீழே போனபோது அண்ணி அதே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி உறையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் கதவுப் பக்கமே நின்றேன்.

"ஒன்பதாவதுல கை போச்சா?" என்றாள்.

"போச்சு அண்ணி."

"அழுத்தினியா?"

"இல்ல."

என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி. ஐஸ் எடுத்துட்டு வந்து முட்டில பிடி. நாளைக்கும் ஆடணும்."